ஐந்து பையன்கள் உள்ள வீட்டில் வேலை யாருடையது?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் குடும்பப் பக்கத்தில் அண்மையில் வெளியான, தேர்வுக் காலத்தில் பிள்ளைகளைக் கவனித்துக்கொள்வது பற்றிய கட்டுரையைப் படித்தேன். நேரத்துக்கு எழுப்பிவிடுவது, சீருடையை முதல் நாளே எடுத்து வைப்பது, போதிய தூக்கம் கிடைக்கிறதா என்று பார்ப்பது என அதில் சொல்லியிருந்த யாவும் பயனுள்ளவையே. ஆனால் முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை அந்தக் கட்டுரை தாய்மார்களை மட்டுமே விளித்துப் பேசியது. ஐந்து மகன்களை வளர்த்துவரும் தாய் என்ற முறையில் அதைப் பற்றிச் சில செய்திகளைத் தங்கள் பார்வைக்குக் கொண்டுவர விரும்புகிறேன். என் மூத்த மகனுக்கு வயது 16. கடைசி மகனுக்கு 5.

ஐந்தும் ஆண் பிள்ளைகள் என்று தெரிந்ததும் பிறர் என்னிடம் சொல்வது பெரும்பாலும் ஒன்றுதான்: "பாவம், ஒரு பெண் குழந்தை இருந்திருந்தால் உங்களுக்கு ஒத்தாசையாக இருந்திருக்கும்." பிறக்காத பெண்ணின் கையில் துடைப்பத்தைக் கொடுத்துவிட்டு, கண்ணெதிரே நிற்கும் பையன்களின் பத்துக் கைகளை இவர்கள் மறந்துவிடுகிறார்கள். (ஒரு பெண்ணைப் பெற்றிருக்கக் கூடாதா என்று என்னையே கேட்பவர்களும் உண்டு. குழந்தை ஆணா பெண்ணா என்பது தந்தையின் விந்தணுவைப் பொறுத்தது என்பது பள்ளிப் பாடத்திலேயே இருக்கிறது. உலக அளவில் 100 பெண் குழந்தைகளுக்கு ஏறக்குறைய 105 ஆண் குழந்தைகள் பிறக்கின்றன என்பதால், ஐந்து பிள்ளைகள் உள்ள குடும்பங்களில் சுமார் முப்பதில் ஒன்றில் ஐந்துமே பையன்களாக அமைவது இயல்பு.)

வேலை மலைபோல் இருக்கிறது என்பதை நான் மறுக்கவில்லை. துணி துவைப்பதை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். இயந்திரத்தில் போடும் முன் ஒவ்வொரு கால்சட்டைப் பையையும் வெளியே இழுத்துப் பார்த்தாக வேண்டும். கோலிக்குண்டு, மூடியில்லாத பேனா, நான்காய் மடித்த விடைத்தாள், எதற்கு என்றே தெரியாத ஒரு திருகாணி என்று வந்துகொண்டே இருக்கும். பேனா ஒன்று தப்பிவிட்டால் ஐந்து பேரின் வெள்ளைச் சட்டைகளும் நீலமாகிவிடும். அண்ணனுக்குச் சிறுத்த சட்டை தம்பிக்கு ஆகும் என்பது சட்டைக்குப் பொருந்தும், கால்சட்டைக்குப் பொருந்தாது. இரண்டாவது பையனைத் தாண்டுவதற்குள் முழங்கால் கிழிந்துவிடுகிறது. காலணியோ முதலில் போட்டவனின் பாதத்துக்கேற்பத் தேய்ந்துவிடுவதால் அதை அடுத்தவனுக்குத் தருவதே சரியில்லை.

பிறகு பசி. பையன்களுக்கு 12 வயதிலிருந்து 15 வயதுக்குள் ஏதோ ஓர் ஆண்டில் உயரம் 9 சென்டிமீட்டர் வரைகூடக் கூடும். ஓடியாடும் 15, 16 வயதுப் பையனுக்கு நாளொன்றுக்கு ஏறக்குறைய 3,000 கலோரி தேவைப்படலாம். ஓரிரு ஆண்டு இடைவெளியில் பிறந்த பையன்கள் பலர் இருக்கும் வீட்டில், ஒருவன் அந்தக் கட்டத்தைக் கடக்கும்போது இன்னொருவன் அதற்குள் நுழைந்துகொண்டிருப்பான். நோயும் அப்படித்தான், வரிசையில் வரும். தடுப்பூசி போட்டுக்கொள்ளாத பிள்ளைகள் உள்ள வீட்டில் ஒருவனுக்குச் சின்னம்மை கண்டால், உடனிருப்பவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு அது தொற்றக்கூடும். தொற்றியதிலிருந்து வெளியே தெரிய 10 முதல் 21 நாட்கள் ஆகும் என்பதால், முதல் பையன் எழுந்து நடமாடத் தொடங்கும் நேரத்தில் அடுத்தவன் படுக்கிறான். தாயின் இரவுத் தூக்கம் வாரக் கணக்கில் போய்விடுகிறது.

இவையெல்லாம் கண்ணுக்குத் தெரியும் வேலைகள். எவனுடைய காலணி கடிக்கத் தொடங்கியிருக்கிறது, எவனுக்குப் பல் ஆடுகிறது, எந்தத் தாளில் எந்த ஆசிரியருக்கு நாளைக்குள் கையொப்பம் வேண்டும், நேற்றிலிருந்து மூன்றாமவன் ஏன் யாரோடும் சண்டை போடாமல் இருக்கிறான் என்று நாள் முழுவதும் மனத்தில் ஓடிக்கொண்டிருக்கும் கணக்கு யார் கண்ணிலும் படுவதில்லை. பாத்திரம் கழுவ ஆள் வைத்துக்கொள்ள முடிந்தவர்களாலும் இதற்கு ஆள் வைக்க முடியாது.

சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 2018-ல் வெளியிட்ட அறிக்கையின்படி, உலகில் ஊதியமின்றிச் செய்யப்படும் வீட்டு வேலைக்கும் பராமரிப்புக்கும் ஒவ்வொரு நாளும் 1,640 கோடி மணி நேரம் செலவாகிறது. இது 200 கோடிப் பேர் நாளுக்கு எட்டு மணி நேரம் சம்பளமே இல்லாமல் உழைப்பதற்குச் சமம். அதில் நான்கில் மூன்று பங்கைப் பெண்களே செய்கிறார்கள். இதே வேலையைச் சம்பளத்துக்கு ஒருவரை வைத்துச் செய்தால் அது நாட்டின் உற்பத்திக் கணக்கில் சேர்கிறது. தாய் செய்தால் சேர்வதில்லை. எனவே நான் பெற்றவை பையன்கள் என்பதால் என் சுமை கூடிவிடவில்லை. வீட்டில் எத்தனை பேர் இருந்தாலும் வேலை ஒருத்தியின் பெயரில் எழுதப்பட்டிருப்பதால்தான் கூடுகிறது.

எங்கள் வீட்டில் வேலையைத் துண்டு துண்டாகக் கொடுப்பதில்லை, முழுதாகக் கொடுக்கிறோம். துணி ஒருவனுடைய பொறுப்பு என்றால், பைகளைச் சோதிப்பதிலிருந்து உலர்த்தி மடித்து அலமாரியில் வைப்பது வரை, சோப்புத் தூள் தீரப்போகிறது என்று முன்கூட்டியே சொல்வது உட்பட, அந்த வாரம் அது அவனுடையது. கடைக்குட்டி காலுறைகளுக்கு ஜோடி சேர்க்கிறான். இந்த ஏற்பாட்டில் காலரில் அழுக்கு நிற்கிறது, தட்டில் பிசுக்கு இருக்கிறது, "நேற்றும் நான்தானே செய்தேன்" என்ற வழக்கு தினமும் விசாரணைக்கு வருகிறது. அத்தனையையும் பொறுத்துக்கொள்ளலாம். ஒன்றை மட்டும் உறுதியாகச் சொல்வேன்: தந்தை கைப்பேசியோடு சாய்ந்திருக்கும் வீட்டில் மகன்களிடம் வேலை வாங்க எந்தத் தாயாலும் முடியாது. என் கணவர் இரவுப் பாத்திரங்களைத் தமது பொறுப்பில் வைத்திருப்பதால் எனக்கு வாதாட வேண்டிய தேவை பாதியாகக் குறைந்துவிட்டது.

ஆண் பிள்ளைகளிடம் வேலை வாங்கினால் படிப்பு கெடாதா என்று கேட்கிறார்கள். பெண் பிள்ளைகளை வைத்திருக்கும் தாயிடம் இதே அக்கறையோடு எவரும் கேட்டு நான் பார்த்ததில்லை. எனக்குக் கவலை தருவது வேறு. பிள்ளைகள் அதிகமுள்ள வீட்டில் மூத்த பிள்ளை, பெரும்பாலும் மூத்த பெண், தம்பி தங்கையருக்கு இன்னொரு தாயாகிவிடுகிறது. அந்தப் பாரத்தை மூத்த மகன் தலையில் ஏற்றுவதும் நியாயமாகாது. தன் துணியைத் துவைப்பதும் தன் முறைக்குச் சமைப்பதும் அவன் கடமை. தம்பிகளை வளர்ப்பது பெற்றவர்களின் கடமை.

ஆகவே, தங்கள் குடும்பப் பக்கத்தில் வரும் குறிப்புகளை இனி வீட்டில் உள்ள எல்லோரையும் நோக்கி எழுதுமாறும், அவற்றோடு வரும் ஓவியங்களில் அடுப்பருகே எப்போதும் ஒரு பெண்ணையே நிறுத்தாதிருக்குமாறும் கேட்டுக்கொள்கிறேன். சிறுவர் பகுதியில் புதிர்களுக்கும் கதைகளுக்கும் நடுவே சட்டைப் பொத்தான் தைப்பது, படுக்கை விரிப்பது, கறை நீக்குவது போன்றவற்றைப் படங்களுடன் வெளியிட்டால் மிகவும் நல்லது. என் மூன்றாவது மகன் அந்தப் பகுதியை ஒரு வரி விடாமல் படித்து, அதில் சொல்வதை அன்றே செய்து பார்ப்பவன். பொத்தானிலிருந்து தொடங்குங்கள், எங்கள் வீட்டில் இப்போதைக்கு அதுதான் அவசரம்.

இப்படிக்கு,
ஐந்து மகன்களின் தாய்
(பெயரை வெளியிட வேண்டாம்)