ஞாயிறு காலையில் எங்களுக்கு 200 மீற்றர் வீதி தாருங்கள்

கொழும்பு மாநகர முதல்வருக்கும் சபை உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

நாங்கள் ஆறு பொறியியல் மாணவர்கள். புறக்கோட்டைக் குறுக்குத் தெருக்களில் நாட்டாமிகள் (சுமை தூக்கும் தொழிலாளர்கள்) கைவண்டியில் இழுக்கும் மூட்டைகளை ஏற்றிச் செல்ல, மூன்று சக்கர மின்வண்டி ஒன்றைச் செய்துவருகிறோம். அச்சும் பிரேக்கும் பஞ்சிகாவத்தையில் கடைகடையாக ஏறி இறங்கித் தேடியவை. மோட்டாரை இயக்கும் நிரல் நாங்கள் எழுதியது. வண்டி ஓடுகிறது, ஓட்டிப் பார்க்கத்தான் இடம் கிடைக்கவில்லை.

ஒரு மாலை, பின்சக்கரத்தை மரக்கட்டைமேல் தூக்கிவைத்துச் சோதித்துக்கொண்டிருந்தோம். யாரும் கைப்பிடியைத் திருகவில்லை. சக்கரம் திடீரென முழு வேகத்தில் சுழன்றது. வேகக் கைப்பிடிக்குப் போகும் மூன்று கம்பிகளில் கறுப்புக் கம்பி, பற்றவைத்த இடத்தில் விட்டுப்போயிருந்தது. அந்தக் கைப்பிடி வழக்கமாக 0.8 முதல் 4 வோல்ட் வரை தரும். கறுப்புக் கம்பி விட்டுப்போனால் அளவு 5 வோல்ட்டை நெருங்கிவிடும். நிரலோ அதை முழு வேகம் என்று எடுத்துக்கொள்ளும். இப்போது 4.5ஐத் தாண்டினாலே மோட்டாருக்கு மின்சாரம் போகாதபடி திருத்திவிட்டோம். ஆனாலும், அந்தச் சக்கரம் தரையில் இருந்திருந்தால், வண்டிக்கு முன்னே யாராவது நின்றிருந்தால் என்ற நினைப்பு எங்களை விட்டுப் போகவில்லை.

மரக்கட்டைமேல் பிரேக்கைச் சோதிக்க முடியாது. நல்ல மனிதர் ஒருவர் தமது கட்டடத்தின் வாகனத் தரிப்பிடத்தைத் தந்தார்; அதன் நீளம் 30 மீற்றர். 40 கி.மீ. வேகத்தில் வண்டி ஒரு செக்கனில் 11 மீற்றர் ஓடிவிடும். வேகம் எடுக்கவே அந்த இடம் போதாது. இன்னொன்று: பிரேக் பிடிக்கும்போது மோட்டார் மின்சாரத்தைப் பற்றரிக்குத் திருப்பி அனுப்பி வண்டியைத் தடுக்கிறது. பற்றரி நிறைந்திருந்தால் அந்த உதவி இல்லை. சாதாரண பிரேக் தனியாகவே தாங்கியாக வேண்டும். சுமையோடு, ஈரத் தாரில் அது தாங்குமா? கணக்குப் போட்டோம், தாங்கும் என்று வருகிறது. கணக்கை மட்டும் நம்பி ஒருவரை அதில் ஏற்ற எங்களுக்கு மனமில்லை.

மின்சார வண்டி உங்கள் சபைக்குப் புதிதல்ல. 1899இல் கொழும்பு வீதிகளில் மின்சார டிராம் ஓடத் தொடங்கியது. 1944இல் அதைப் பொறுப்பேற்றது இதே மாநகர சபைதான். 1953இல், மேலே செல்லும் மின்கம்பியிலிருந்து மின்சாரம் பெற்று ஓடும் துரொலி பஸ்களும் வந்தன. அன்று அவற்றை ஓட்டிய சபையிடமே இன்று இதைக் கேட்கிறோம்.

ஞாயிறு காலை ஐந்தரை முதல் ஏழு மணி வரை, 200 மீற்றர் தார் வீதி, இரு முனையிலும் தடுப்பு. பணம் வேண்டாம். எந்த வீதி என்பதை நீங்களே முடிவு செய்யுங்கள். மணல் மூட்டை, தீயணைப்பான், முதலுதவிப் பெட்டி எல்லாம் நாங்கள் கொண்டுவருவோம். மழை பெய்தாலும் அனுமதியை நிறுத்திவிடாதீர்கள். எங்களுக்கு ஈர வீதியும் வேண்டும்.

முதல் நாள் சபையின் பொறியியலாளர் ஒருவரை அனுப்புங்கள். வண்டியின் சிவப்பு அவசரப் பொத்தானை அவரே அழுத்திப் பார்க்கட்டும். அவர் சரி என்ற பின்னரே சக்கரம் உருளும்.

இப்படிக்கு,
மின்வண்டி செய்யும் ஆறு மாணவர்கள்,
கொழும்பு