முதல் ஒப்பந்தம் ஆடுதுறையோடு இருக்கட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். டெல்டா மாவட்டங்களில் கல்லூரிச் சேர்க்கை கூடிவருவது பற்றித் தாங்கள் வெளியிட்ட கட்டுரையைப் படித்தேன். நான் மன்னார்குடியில் இ-சேவை மையம் நடத்துகிறேன். பிளஸ் டூ ரிசல்ட் வந்துவிட்டால் அரசு கலைக் கல்லூரிக்கு விண்ணப்பம் போட வரும் பிள்ளைகளால் கடை நிறைந்துவிடும். கட்டுரை எண்ணிக்கையாகச் சொன்ன பிள்ளைகளை நேருக்கு நேர் பார்க்கிறவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன்.

சேர்க்கை கூடியிருப்பது பெரிய சந்தோஷம். 2021-22 அகில இந்திய உயர்கல்விக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டின் மொத்தச் சேர்க்கை விகிதம், அதாவது கல்லூரி வயதினர் எண்ணிக்கையோடு ஒப்பிட்டால் உயர்கல்வியில் சேர்ந்திருப்பவர்கள், 47 விழுக்காடு. நாட்டின் சராசரி 28.4. கோட்டூர், வலங்கைமான், முத்துப்பேட்டைப் பக்கத்துப் பெண்பிள்ளைகளுக்கு அதில் பெரிய பங்கு உண்டு. அரசுப் பள்ளியில் படித்து மேலே படிக்கப் போகும் பெண்களுக்கு உதவித்தொகை தரும் புதுமைப் பெண் திட்டம் 2022 செப்டம்பரில் வந்தபோது மாதம் ஆயிரம் ரூபாயில் என்ன ஆகிவிடும் என்று கேட்டவர்கள் இருந்தார்கள். என் கடைக்கு வந்து பார்க்க வேண்டும். நடவு வேலைக்குப் போகும் அம்மா, "பஸ்ஸுக்குக் காசு கேக்கறதில்ல, நோட்டுக்கு அந்த ஆயிரம் ஆச்சு, மேல படிக்கட்டும்" என்று சொல்லிக்கொண்டே பிளாஸ்டிக் கவரிலிருந்து சாதிச் சான்றிதழை எடுத்து நீட்டுவார். அதே வீட்டில் அக்காவைப் பன்னிரண்டாவதோடு நிறுத்தியிருப்பார்கள். 2024 ஆகஸ்டில் அதே போன்ற தமிழ்ப் புதல்வன் திட்டம் வந்த பிறகு பையன்களுக்கும் ஒரு பிடிமானம் கிடைத்திருக்கிறது.

சரி, சேர்ந்த பிறகு? கேட்பவர்கள் அதிகம் என்று அரசுக் கல்லூரிகளில் கூடுதல் இடம் கொடுக்கிறார்கள். வரவேற்கிறேன். ஆனால் இடம் கூடும் வேகத்தில் வகுப்பறையும் நிரந்தர ஆசிரியரும் கூடுவதில்லை. காலை ஷிப்ட், மதிய ஷிப்ட் என்று ஒரே கட்டடம் இரண்டு முறை நிரம்புகிறது. பாடம் எடுப்பவர்களில் பெரும்பகுதியினர் நிரந்தரப் பணி இல்லாத கௌரவ விரிவுரையாளர்கள். அவர்களுக்கு மாதம் 50,000 ரூபாய் வரை தரலாம் என்று பல்கலைக்கழக மானியக் குழு 2019-இலேயே சொல்லியும் நம் ஊரில் கைக்கு வருவது அதற்கு வெகு கீழே. நன்றாகச் சொல்லிக் கொடுப்பவர்கள் இவர்களுக்குள் எத்தனையோ பேர். அவர்களை இப்படி வைத்திருப்பது நியாயமே இல்லை.

தொழில்நுட்பம் என்று மேடையில் பேசுகிறபோதெல்லாம் எனக்கு ஓ.டி.பி. ஞாபகம்தான் வருகிறது. பிள்ளை முன்னால் உட்கார்ந்திருக்கும், ஆதாரோடு இணைந்த நம்பர் திருப்பூரில் வேலை பார்க்கும் அண்ணனிடம் இருக்கும். அண்ணன் ஷிப்டில் இருந்தால் போனை எடுக்க மாட்டார். அதற்குள் நேரம் முடிந்து மறுபடி முதலிலிருந்து. விண்ணப்பத்துக்கு ஒன்று, உதவித்தொகைக்கு ஒன்று, தேர்வுக் கட்டணத்துக்கு ஒன்று, மதிப்பெண்ணுக்கு ஒன்று என்று நான்கு இணையதளம், நான்கு கடவுச்சொல். என்னைப் போன்றவர்களுக்கு இதில் வருமானம் உண்டு. ஆனாலும் சொல்கிறேன், இவை எல்லாவற்றையும் கல்லூரிக்குள்ளேயே ஓர் உதவி மேசை போட்டு முடித்துக் கொடுக்க வேண்டும்.

முக்கியமாக நான் எழுத வந்தது, கல்லூரியும் பல்கலைக்கழகமும் வேறு நிறுவனங்களோடு போடும் கல்வி ஒப்பந்தங்களைப் பற்றி.

பிப்ரவரி, மார்ச்சில் கடைசி வருடப் பிள்ளைகள் ப்ராஜெக்ட் ரிப்போர்ட்டைப் பிரிண்ட் எடுத்து பைண்டிங் போட வருவார்கள். கம்ப்யூட்டர் சயன்ஸ் என்றால் 'நூலக மேலாண்மை', 'மருத்துவமனை மேலாண்மை', 'மாணவர் வருகைப் பதிவு'. வருடா வருடம் இதேதான். முதல் பக்கத்தில் பெயரும் பதிவு எண்ணும் மாறும், உள்ளே படங்கள்கூட மாறுவதில்லை. பிள்ளைகளைக் குறை சொல்ல மாட்டேன். வேறு எதைப் பற்றிச் செய்வது என்று அவர்களைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டியவர் யாருமில்லை.

அந்தப் பிள்ளைகளில் ஒரு பையனின் அப்பா ஐப்பசி மழையில் எங்கே நிற்கிறார் என்று பார்த்தால் போதும். நேரடி நெல் கொள்முதல் நிலைய வாசலில், தார்ப்பாய் போட்டு மூடிய குறுவை நெல்லுக்குப் பக்கத்தில் நிற்கிறார். 17 விழுக்காடு ஈரப்பதம் வரைதான் எடுப்பார்கள். மழை பிடித்துக்கொண்டால் நெல் காயாது. 22 வரை தளர்த்தச் சொல்லி மாநில அரசு கேட்கும், மத்தியக் குழு வந்து மாதிரி எடுத்துப் போகும், அதற்குள் கீழ் அடுக்கில் நெல் முளை விட்டிருக்கும். ஒரு பிடி நெல்லைப் போட்டதும் எண்ணைக் காட்டுகிற அந்தச் சின்னக் கருவி எப்படி வேலை செய்கிறது? நெல்லில் ஈரம் ஏற ஏற அதன் மின் தன்மை மாறும். அதை அளந்து சொல்கிறது, அவ்வளவுதான். இயற்பியல் படிக்கும் மாணவருக்குப் பிடிபடாத விஷயமே இல்லை. எந்த நிலையத்தில் எத்தனை மூட்டை காத்திருக்கிறது, எப்போது லாரி வரும் என்று விவசாயி போனிலேயே பார்க்க ஒரு செயலி எழுத நம் கம்ப்யூட்டர் சயன்ஸ் பிள்ளைகளால் முடியும். காத்திருக்கும் நாளில் ஒரு குடும்பத்துக்கு ஆகும் செலவைக் கணக்கெடுத்தால் பொருளாதாரம் படிப்பவருக்கு அதுவே நல்ல ஆய்வு.

சொல்லிக் கொடுக்க ஆளுக்கும் பஞ்சமில்லை. தஞ்சாவூரில் நிஃப்டெம் என்ற உணவுத் தொழில்நுட்ப நிறுவனம் இருக்கிறது. இன்று அது தேசிய முக்கியத்துவம் வாய்ந்தது. 1967-இல் திருவாரூரில் நவீன அரிசி ஆலை வளாகத்தில் ஓர் ஆய்வகமாகத் தொடங்கியதுதான் அதன் வேர். மழையில் நனைந்த டெல்டா நெல்லை எப்படிக் காப்பாற்றுவது என்பதுதான் அதற்கு அன்றைக்கு இருந்த கேள்வி. ஆடுதுறையில் நெல் ஆராய்ச்சி 1922 முதல் நடக்கிறது. நம் வயல்களில் பெயர் சொல்லிக் கேட்கிற ஆடுதுறை 36, 43, 45 எல்லாம் அங்கிருந்து வந்த ரகங்கள். நாகப்பட்டினத்தில் மீன்வளப் பல்கலைக்கழகம், திருவாரூர் நீலக்குடியில் மத்தியப் பல்கலைக்கழகம், தஞ்சையில் சுவடிகளோடு தமிழ்ப் பல்கலைக்கழகமும் சரசுவதி மகால் நூலகமும். எல்லாமே மன்னார்குடியிலிருந்து பஸ் ஏறிப் போய் அன்றைக்கே திரும்பி வரும் தூரம். இந்த ஊர்ப் பிள்ளைகளில் பெரும்பாலோர் மூன்று வருடப் படிப்பில் ஒரு நாள்கூட இவற்றின் வாசலை மிதிப்பதில்லை.

புரிந்துணர்வு ஒப்பந்தம் போட்டதாகப் படத்தோடு செய்தி வரும். வெளிநாட்டுப் பல்கலைக்கழகமாக இருந்தால் படம் இன்னும் பெரிதாக வரும். வெளிநாட்டுத் தொடர்பு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் விமான டிக்கெட் தேவைப்படும் ஒப்பந்தத்தால் பலன் பெறுவது சில பேராசிரியர்கள். டவுன் பஸ்ஸில் போய்வரக்கூடிய ஒப்பந்தம் என்றால் நூற்றுக்கணக்கில் மாணவர்கள் பலன் பெறுவார்கள்.

அதற்கு விதிகளும் தயாராகவே இருக்கின்றன. ஒரு மாணவர் வேறு நிறுவனத்தில் படித்த பாடத்தின் கிரெடிட்டை, அதாவது பாடத்தை முடித்ததற்கான மதிப்பைத், தன் பட்டத்தோடு சேர்த்துக்கொள்ள 2021-இலேயே கிரெடிட் வங்கி ஏற்பாடு வந்துவிட்டது. மத்திய அரசின் ஸ்வயம் தளத்தில் இணையவழியாகப் படிப்பதற்கும் ஒரு பருவத்தின் பாடங்களில் 40 விழுக்காடு வரை மானியக் குழு அனுமதி கொடுத்திருக்கிறது. நடைமுறையில் என்ன நடக்கிறது? ஆர்வமாக ஸ்வயம் பாடம் முடித்துச் சான்றிதழை என்னிடம் பிரிண்ட் எடுத்துப் போன மாணவி, அது எந்தக் கணக்கிலும் சேரவில்லை என்று திரும்பி வந்து சொன்னாள். பாடத்திட்டத்தில் அதற்கு ஒரு கட்டம் ஒதுக்கியிருந்தால் அவள் உழைப்பு வீணாகியிருக்காது. அவளைப் பார்த்துச் சேர இருந்த தோழிகளும் விட்டுவிட்டார்கள்.

கும்பகோணத்தில் கலைஞர் பல்கலைக்கழகம் அமைப்பதற்கான மசோதா 2025 ஏப்ரலில் சட்டமன்றத்தில் நிறைவேறியபோது எங்கள் பகுதியில் பலர் மகிழ்ந்தோம். 1982-இல் தொடங்கிய பாரதிதாசன் பல்கலைக்கழகம் இத்தனை மாவட்டங்களையும் திருச்சியில் இருந்தபடியே தாங்கி வந்திருக்கிறது. வேதாரண்யத்துப் பிள்ளைக்குச் சான்றிதழில் ஓர் எழுத்துத் திருத்த வேண்டுமென்றால் திருச்சி தாண்டிப் பல்கலைப்பேரூர் வரை போய் வர ஒரு முழு நாள் போய்விடும். கும்பகோணம் வந்தால் மன்னார்குடிக்குச் சுலபம், மயிலாடுதுறைக்குச் சுலபம். வேதாரண்யத்துக்கு அப்போதும் தூரம்தான். அதனால் புதுப் பல்கலைக்கழகம் எப்போது எழுந்தாலும், சான்றிதழ் வேலைகளை அந்தந்த ஊர்க் கல்லூரியிலேயே முடிக்கும் ஏற்பாட்டோடு அது பிறக்க வேண்டும்.

அதன் முதல் ஒப்பந்தம் ஆடுதுறையோடும் நிஃப்டெம்மோடும் இருக்கட்டும் என்பது என் வேண்டுகோள். ஆசைப்படுவதைச் சொல்லிவிடுகிறேன். குறுவை அறுவடையை ஒட்டி ஒரு பருவம் முழுக்க ஓடும் ஒரு பாடம். எந்தத் துறை மாணவரும் எடுக்கலாம். வாரத்தில் ஒரு நாள் ஆய்வகம் அல்லது வயல், மற்ற நாட்களில் கல்லூரியில் வகுப்பு. பட்டத்தில் கணக்காகும் கிரெடிட், போக்குவரத்துக்குக் கல்லூரி பஸ் அல்லது பாஸ். மதிய ஷிப்ட் மாணவர் காலையிலும், காலை ஷிப்ட் மாணவர் மதியத்திலும் போகலாம். கல்யாண முகூர்த்த நாட்களில் கேட்டரிங் வேலைக்குப் போய்ப் படிக்கும் பையன்கள் நிறைய. விட்ட பாடத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளும்படி வகுப்பைப் பதிவுசெய்து, குறைந்த டேட்டாவில் ஓடும் அளவுக்குச் சின்னதாக்கிப் போட வேண்டும். தொழில்நுட்பத்துக்குச் செலவழிக்கும் பணத்தை இங்கே செலவழித்தால் நேராகப் பிள்ளையைப் போய்ச் சேரும். பாடத்திட்டக் குழுவில் இடம்பெறும் பேராசிரியர்கள் தங்கள் வாசகர்களில் நிச்சயம் இருப்பார்கள். வரும் கல்வியாண்டுக்குள் ஒரே ஒரு கல்லூரியிலாவது இதைத் தொடங்க முடியுமா என்று அவர்களிடம் தங்கள் பத்திரிகை வழியாகக் கேட்கிறேன்.

இப்படிக்கு,
இ-சேவை மையம் நடத்தும் வாசகர்,
மன்னார்குடி.