குடியிருப்போர் தோட்டச் சங்கம், உதகை: செயலாளரின் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர் அனைவருக்கும் வணக்கம். நமது சங்கத்தின் ஆண்டு ஜூனில் தொடங்கி மே மாதத்தில் நிறைவடைவதால், சென்ற ஜூன் முதல் இந்த மே முடிய நடந்தவற்றை இப்பேரவையின் முன் வைக்கிறேன். வரவு செலவைப் பொருளாளர் தனியே வாசிப்பார்.

ஒரே பருவத்தில் பூத்து மடியும் செடிகளை விலைக்கு வாங்காமல், விதையிலிருந்தே பொது நாற்றங்காலில் வளர்த்து உறுப்பினர் வீடுகளுக்குப் பகிர்ந்தளிப்பது இவ்வாண்டின் முதன்மைப் பணியாக இருந்தது. 1848-இல் உருவான அரசு தாவரவியல் பூங்காவில் மலர்க் கண்காட்சிக்கு அடுக்கப்படும் தொட்டிகளை மே மாதத்தில் கண்டு மயங்கி, அதன் பிறகு நாற்று தேடி அலைவதே நம்மில் பலரின் வழக்கம். அந்தத் தொட்டிகளுக்கான வேலை உறைபனிக் காலத்திலேயே தொடங்கிவிடுகிறது என்பதை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை.

பேன்சியும் ஆண்டிரினமும் விதைத்துப் பூக்க மூன்று முதல் நான்கு மாதங்கள் ஆகின்றன. பெட்டூனியாவுக்கு ஏறத்தாழ மூன்று மாதங்களும் பிரெஞ்ச் மேரிகோல்டுக்கு இரண்டு மாதங்களும் போதும். இதைக் கருதாமல் ஜனவரி முதல் வாரத்தில் எல்லாவற்றையும் ஒரே நாளில் விதைக்கச் சொன்னது என் பிழை. ஒரே இரவின் உறைபனியில் மேரிகோல்டு நாற்றுகள் கருகிப்போக, பக்கத்துத் தட்டில் இருந்த பேன்சி நாற்றுகள் வாட்டமின்றி நின்றன. பிப்ரவரி இறுதியில் மீண்டும் விதைத்த மேரிகோல்டே மே மாதத்தில் நமக்குப் பூ கொடுத்தது.

பெட்டூனியாவின் கதை வேறு. தூசி போன்ற அவ்விதை முளைக்க வெளிச்சம் வேண்டும் என்பதால் அதை மண்ணால் மூடக்கூடாது. முதல் தட்டில் வழக்கம்போல் மூடியதால் ஒன்றும் முளைக்கவில்லை. இரண்டாவது தட்டில் விதையை மண்மேல் தூவி இலேசாக அழுத்தி, பூவாளியைத் தொடாமல், தட்டை நீரில் வைத்து அடியிலிருந்தே ஈரம் ஏறச் செய்தோம். பேன்சி விதைக்கோ இருட்டுதான் உகந்தது என்பதால், முளை தெரியும்வரை அத்தட்டுகளைக் கறுப்புத் துணியால் மூடி வைத்தோம். மாலையில் நீர் ஊற்றிய தட்டுகளில் நாற்றழுகல் நோய் பரவியதால், நீர் விடுவதை முற்பகலுக்கு மாற்றி, மண்கலவையில் மணலைக் கூட்டி, நோய்ப் பூஞ்சைகளை அடக்கும் நன்மை செய்யும் பூஞ்சையான டிரைக்கோடெர்மா விரிடியும் கலந்தோம். அதன் பிறகு இழப்பு பெரிதும் குறைந்தது.

நமது மலைமண் புளிப்புத் தன்மை மிக்கது. ஆகவே ஸ்வீட் பீ நட்ட வேலியோரத்தில் முன்கூட்டியே சுண்ணாம்பு இட்டோம். விதைகளை ஓரிரவு ஊறவைத்து நட்டோம். மணம் ஒன்றுக்காகவேகூட இச்செடியை வளர்க்கலாம் என்பது என் சொந்தக் கருத்து.

வாடிய பூக்களை உடனுக்குடன் கிள்ளிய வீடுகளில் பூப்பு நீண்டது. விதைக்காகச் சில செடிகளை விட்டுவைக்க விரும்புவோர் காலண்டுலா, லார்க்ஸ்பர் போன்றவற்றை விட்டுவைக்கலாம். கலப்பின பெட்டூனியாவின் விதை தாய்ச்செடியைப் போலவே பூக்காது.

ஏப்ரல் ஆலங்கட்டி மழையில் நாற்றங்காலின் நிழல்வலை கிழிந்துவிட்டது. புதிய வலைக்கான செலவுக்கு ஒப்புதல் வழங்குமாறும், வரும் ஆண்டில் ஜனவரித் தொடக்கம், ஜனவரி இறுதி, பிப்ரவரி இறுதி என மூன்று தவணைகளில் விதைக்கும் திட்டத்தை ஏற்குமாறும் பேரவையைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்