என் பழைய சிப்பைத் திருப்பி அனுப்புங்கள்

பெறுநர்: மேலாளர் அவர்கள், சர்வீஸ் பிரிவு

பொருள்: என்னைக் கேட்காமல் சிந்தசைசரின் ஒலிச் சிப்பை மாற்றியது தொடர்பாக

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். மண்டபத்திலிருந்து எழுதுகிறேன். கொமடோர் 64 என்ற பழைய வீட்டுக் கணினியில் ஒலி எழுப்பிய சிட் சிப்பை வைத்துக் கட்டிய என் சிந்தசைசர் அடிக்கடி தானாக அணைந்துபோனதால், சென்ற மாதம் உங்களுக்கு அனுப்பினேன். மின்னழுத்தத்தைச் சீராக வைக்கும் ரெகுலேட்டர் சூடேறுகிறது, அதை மட்டும் மாற்றினால் போதும் என்று ஒரு தாளில் எழுதி உள்ளேயே வைத்திருந்தேன். பெட்டி திரும்பி வந்துவிட்டது, இப்போது அணைவதில்லை. ஆனால் அதில் இருந்த 6581 சிப்பை, அதாவது சிட்டின் முதல் வகையை, காணோம். அந்த இடத்தில் பிந்தைய வகையான 8580 உட்கார்ந்திருக்கிறது. ரசீதில் "சிப் மாற்றம், ரூ. 4,200" என்று ஒரு வரி.

போனில் கேட்டதற்கு, "ரெண்டும் ஒண்ணுதான் சார், இது இன்னும் கிளியரா இருக்கும்" என்றார் உங்கள் ஊழியர்.

ஒன்றல்ல, ஐயா. இரண்டிலும் தனித்தனியாக ஒலிக்கும் மூன்று குரல்கள், ஒலியின் கூர்மையை வடிகட்ட ஒரு ஃபில்டர் என்பது உண்மைதான். ஆனால் 6581-இன் ஃபில்டர் சிப்புக்குச் சிப் வேறுபடும். தயாரிப்பிலேயே வந்த குறை அது. என் சிப்பின் குறையை மூன்று வருடமாகக் காதால் பழகி வைத்திருந்தேன். தனுஷ்கோடி சாலையில் போனால் இடப்பக்கம் பெண்கடல், வலப்பக்கம் ஆண்கடல். ஒன்று சலசலக்கும், மற்றது கரையை அறையும். இரண்டையும் சேர்த்து நாற்பது நிமிட ஒலிச்சூழல் ஒன்று செய்துகொண்டிருக்கிறேன். முதல் குரலில் இரைச்சல் அலைவடிவம். எழ 8 விநாடி, அடங்க 24 விநாடி. அந்தச் சிப் தரும் உச்ச அளவே அதுதான், ஒரு பெரிய அலைக்கு அது போதும். மற்ற இரண்டு குரல்களில் முக்கோண அலை, சுருதி மயிரிழை விலகி நிற்கும். ஆடி மாதக் கச்சான் காற்றில் பனையோலை அடித்துக்கொள்வதைப் பதிவு செய்து, சிப்பின் வெளி உள்ளீட்டு வழியாக அதையும் ஃபில்டருக்குள் விடுவேன். ஃபில்டரை நன்றாக மூடினால், தண்ணீருக்குள் தலையை முக்கியிருக்கும்போது மேலே அலை உடைவது எப்படிக் கேட்குமோ, அப்படிக் கேட்கும். இப்போது அதே அமைப்பில் வெறும் சீறல்தான் வருகிறது.

காரணம் தெரிய மூடியைத் திறந்து பார்த்தேன். 12 வோல்ட் 7812 ரெகுலேட்டர் இருந்த இடத்தில் 9 வோல்ட் 7809 இருக்கிறது. 8580-க்கு 9 வோல்ட்தான் கொடுக்க வேண்டும், சரி. இரண்டும் ஒன்றென்றால் இதை ஏன் மாற்றினீர்கள்? அப்புறம், ஃபில்டருக்கான இரண்டு கெபாசிட்டரையும் பழைய 470 பைக்கோஃபாரடிலேயே விட்டிருக்கிறீர்கள். 8580-க்கு அங்கே 22 நானோஃபாரட் வேண்டும். அது இல்லாததால் ஃபில்டரை எவ்வளவு மூடினாலும் திறந்தே கிடக்கிறது.

உப்புக்காற்றில் பழைய சிப் போயிருக்கும் என்றும் சொன்னார்கள். உப்புக்காற்று என்ன செய்யும் என்று கடலோரத்தில் இருக்கும் எனக்குத் தெரியும். அதனால்தான் சிந்தசைசரைச் சிலிக்கா ஜெல் போட்ட தகரப் பெட்டியில் வைக்கிறேன். அனுப்புவதற்கு முந்தின இரவு அந்தச் சிப்பில் வாசித்த பதிவு என்னிடம் இருக்கிறது. அதில் எந்தக் கோளாறும் இல்லை.

எனக்கு என் சிப் வேண்டும். மேலே 6581 என்றும், கீழே 3685 என்றும் அச்சிட்டிருக்கும். 1985-இன் 36-ஆவது வாரத்தில் செய்தது. படம் இணைத்திருக்கிறேன். அது செத்திருந்தாலும் அனுப்புங்கள், நான் சோதித்துக்கொள்கிறேன். இன்று இந்தச் சிப்பை யாரும் தயாரிப்பதில்லை. இன்னொரு 6581 வாங்கித் தந்தாலும் அதன் ஃபில்டர் வேறாகத்தான் இருக்கும். ரூ. 4,200-ஐத் திருப்பித் தந்து, 12 வோல்ட் ரெகுலேட்டர் ஒன்றையும் சேர்த்து அனுப்புங்கள், நானே பற்றவைத்துக்கொள்வேன். 15 நாளுக்குள் வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-இல் புகார் பதிந்துவிட்டு, ராமநாதபுரத்தில் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன்.

சிப்பைத் தெர்மோகோலில் குத்தி அனுப்பிவிடாதீர்கள், நிலைமின்சாரம் பட்டால் போய்விடும். அதற்கென்று இருக்கும் கறுப்பு ஃபோமில் 28 கால்களும் வளையாமல் பதித்து, கெட்டியான டப்பாவில் வைத்து அனுப்புங்கள்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்,
மண்டபம்