ஏரிக்கு மருந்தடிக்கும் முன்

ஆசிரியருக்கு,

எங்கள் ஊர் ஏரியை மூடிக் கிடக்கும் ஆகாயத்தாமரைக்குக் களைக்கொல்லி அடிக்கலாம் என்று பேச்சு நடக்கிறது. மனிதருக்கு ஆபத்தா என்பதோடு எல்லாரும் நிறுத்திக்கொள்கிறார்கள். சரி, கேட்க வேண்டியதுதான். கிளைபோசேட் என்ற களைக்கொல்லி அநேகமாகப் புற்றுநோய் உண்டாக்கக்கூடியது என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2015-ல் வகைப்படுத்தியது. அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமை அதை ஏற்கவில்லை.

ஆனால் மீன்கள் பெரும்பாலும் சாவது மருந்தின் விஷத்தால் அல்ல, மருந்து வேலை செய்வதால். ஒரே வீச்சில் ஏரி முழுக்க அடித்தால் செத்த செடி மொத்தமும் அழுகி, தண்ணீரிலுள்ள ஆக்சிஜனைத் தின்றுவிடும். விடியற்காலையில் கெண்டைகள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடும், அப்புறம் மிதக்கும். வயலுக்கென்று விற்கும் கிளைபோசேட் கலவைகள் பலவற்றில் இலையில் ஒட்டுவதற்காகச் சேர்க்கும் சோப்பு மாதிரியான பொருள், தலைப்பிரட்டைகளுக்குக் கிளைபோசேட்டைவிடக் கொடியது. கடையில் வாங்கிய கேனை அப்படியே ஏரிக்குக் கொண்டுபோவது விபரீதம்.

கோடையில் நீர் வற்றும்போது இயந்திரம் வைத்து வாரிக் கரையேற்றுங்கள், சாக்கடை கலப்பதை நிறுத்துங்கள் என்பதே என் கட்சி. இல்லை, அடித்தே தீருவோம் என்றால் பகுதி பகுதியாக, நாட்கள் இடைவெளி விட்டு அடிக்கட்டும். எந்த மருந்து, எவ்வளவு என்பதை முன்கூட்டியே ஊராட்சி அறிவிப்புப் பலகையில் எழுதிப் போடட்டும்.

இப்படிக்கு,
ஏரிப் பாசன விவசாயி ஒருவர்