எலியைக் கொல்லாமலே பொட்டுலினம் நச்சைக் கண்டறியலாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

ஆய்வகங்களில் விலங்குப் பயன்பாட்டைக் குறைக்க வலியுறுத்திய தங்கள் தலையங்கம், பொட்டுலினம் நச்சுச் சோதனையைக் குறிப்பிடவில்லை. நரம்புகளை முடக்கி உயிரைப் பறிக்கும் பாக்டீரியா நச்சு இது. மாதிரியை எலியின் வயிற்றறைக்குள் செலுத்தி, அது மூச்சுத் திணறிச் சாகிறதா என்று நான்கு நாள் வரை காத்திருப்பதே அதைக் கண்டறியும் வழக்கமான முறை. கொடுமை ஒருபுறம், தாமதம் மறுபுறம். அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் உருவாக்கிய எண்டோபெப் முறையில், எதிர்ப்பொருள் பூசிய காந்த மணிகள் நச்சைப் பிடிக்கின்றன. நரம்புப் புரதத்தைப் போல வடிவமைத்த பெப்டைடை (குறும்புரதத் துண்டை) அந்த நச்சு வெட்டுகிறதா என்று, மூலக்கூறுகளின் நிறையை அளக்கும் நிறை நிறமாலைமானி காட்டுகிறது. இந்த நச்சின் ஏ, ஈ வகைகள் ஒரே புரதத்தைத்தான் தாக்குகின்றன. ஆனால் வெட்டும் இடம் வேறு. ஆகவே துண்டுகளின் நிறையே வகையைச் சொல்லிவிடும். எதிர்ப்பொருள் ஒட்டுகிறதா என்று மட்டும் பார்க்கும் எலைசா சோதனையோ செயலிழந்த நச்சையும் இருப்பதாகக் காட்டக்கூடும்.

மல மாதிரிகளைக் கையாள்வோர் அறிந்த சிக்கல் ஒன்று உண்டு: அதிலுள்ள செரிமான நொதிகள் பெப்டைடைக் கண்டபடி அறுத்துவிடும். மணிகளை 2 மோலார் செறிவுள்ள உப்புக் கரைசலில் கழுவிய பிறகே முடிவை நம்பலாம். இதே நச்சிலிருந்து தயாரிக்கும் போடாக்ஸ் போன்ற ஊசி மருந்தின் வீரியத்தை அளக்கவும் எலி தேவையில்லை. ஒரு நிறுவனத்தின் நரம்பணுச் சோதனையை அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2011-லேயே ஏற்றுவிட்டது. நம் பொதுச் சுகாதார ஆய்வகங்கள் உறைநிலையில் வைத்துள்ள மாதிரிகளில் எலிச் சோதனை, எண்டோபெப் ஆகிய இரு முறைகளையும் இணையாகச் செய்து பார்த்து, முடிவுகள் பொருந்தும் மாதிரி வகைகளிலேனும் எலிச் சோதனையை உடனே நிறுத்த வேண்டும்.