டென்னிஸ் கோர்ட்டை டென்னிஸுக்கு விட்டுவிடுங்கள்

எங்கள் பொது விளையாட்டு மைதானத்தைக் கவனித்துவரும் அதிகாரிகளுக்கு,

வணக்கம். இங்குள்ள டென்னிஸ் கோர்ட்டை மற்ற ஆட்டங்களுக்கும் விழாக்களுக்கும் விடுவதைப் பற்றி ஏற்கெனவே இரண்டு மனு கொடுத்துவிட்டோம், நேரிலும் வந்து பேசிவிட்டோம். பழைய கதை எல்லாம் உங்களுக்குத் தெரியும். போன ஞாயிற்றுக்கிழமை நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

சனிக்கிழமை இரவு நல்ல மழை. விடியக் காலையில் தக்கலையில் பஸ் ஏறி நானும் என் மகளும் ஆறே காலுக்கு வந்து பார்த்தால், கோர்ட் முழுக்கத் தண்ணீர். அவளும் கூட விளையாடும் இரண்டு பிள்ளைகளும் வைப்பரை எடுத்துத் தள்ள ஆரம்பித்தார்கள். ஒரு விழாவுக்குப் பந்தல் கால் நட்டார்களே, கோர்ட்டின் கடைசிக் கோடான பேஸ்லைன் ஓரத்தில் அந்தக் குழிகள் இன்னும் அடைக்கப்படவில்லை. அதில் நின்ற தண்ணீரைப் பழைய துணியால் ஒற்றி ஒற்றி வாளியில் பிழிந்தார்கள். முக்கால் மணி நேரம் இந்த வேலை. தரை காய்ந்தது. நெட்டை இழுத்துக் கட்டினார்கள்.

அப்போதுதான் பேட்டும் ஸ்டம்பும் தூக்கிக்கொண்டு பத்துப் பன்னிரண்டு பையன்கள் உள்ளே வந்தார்கள். மைதானத்தில் சேறு, காய்ந்த இடம் இது ஒன்றுதான் என்றார்கள். காவலாளியிடம் போனேன். "பொது இடம் சார், நான் யாரைத் தடுக்க முடியும்?" என்றார். நெட் அவிழ்ந்து ஓரத்துக்குப் போனது. கையில் ஈரத் துணியோடு என் மகள் படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டாள். அன்றைக்கு அவள் ஒரு பந்துகூட அடிக்கவில்லை. பஸ்ஸில் திரும்பும்போது, "நாம துடைக்காம விட்டிருந்தா அவங்க வந்திருக்க மாட்டாங்கல்ல அப்பா?" என்று கேட்டாள். அதற்கு நான் என்ன பதில் சொல்ல?

அந்தப் பையன்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. அவர்களுக்கும் இடம் வேண்டும். ஆனால் கிரிக்கெட்டை அறுவடை முடிந்த வயலில் ஆடலாம், ஃபுட்பாலைக் கடற்கரை மணலில் ஆடலாம், நம் ஊர்ப் பிள்ளைகள் ஆடத்தான் செய்கிறார்கள். டென்னிஸ் அப்படி இல்லை. 78 அடி நீளம், 36 அடி அகலம், நடுவில் 3 அடி உயர நெட், பந்து ஒரே சீராக எழும்பும் தரை. இது இருந்தால்தான் ஆட்டம். ஸ்டம்பை நிறுத்தக் கல்லை இழுத்துப் போட்டு, தரையில் கீறல் விழுந்தால், பந்து எங்கே துள்ளும் என்று யாருக்கும் தெரியாது. ஸ்கேட்டிங் வகுப்பும் பைக் நிறுத்துவதும் அதே தரையில்தான் நடக்கிறது. நமக்கோ இடவப்பாதி என்கிற தென்மேற்குப் பருவமழையும் உண்டு, ஐப்பசி மழையும் உண்டு. காய்ந்த காலை கிடைப்பதே குறைவு. அதையும் பறித்தால் எப்படி?

டென்னிஸ் வீரர் ராமநாதன் கிருஷ்ணன் பிறந்தது நம் மாவட்டத்து நாகர்கோவிலில். 1954இல் விம்பிள்டன் சிறுவர் பட்டம் வென்றார், ஆசியாவிலிருந்து அதை வென்ற முதல் ஆள். 1960, 1961 இரண்டு வருஷமும் விம்பிள்டன் அரையிறுதி வரை போனார். மேடையில் அவர் பெயரைச் சொல்லும்போது நாம் எல்லாரும் கை தட்டுகிறோம். அவர் பிறந்த மண்ணில் ஒரு பெண்பிள்ளை காலையில் ஒரு மணி நேரம் சர்வீஸ் பழக இடம் இல்லை.

பொது இடம் என்றால் யாரும் எதுவும் செய்யலாம் என்று ஆகிவிட்டது, அதுதான் என் வேதனை. நூலகமும் பொது இடம்தான், அங்கே போய் யாரும் பந்தல் போடுவதில்லை. குளங்களைப் பொது என்று சொல்லிச் சொல்லித்தான் கழிவைக் கொட்டித் தூர்த்தோம். பூங்காவில் பிள்ளைகள் ஊஞ்சல் ஆட வேண்டிய இடத்தில் வண்டி நிற்கிறது. கேட்டால் எல்லா இடத்திலும் அதே பதில்தான்.

சரி, கோபத்தில் எங்கேயோ போய்விட்டேன். மன்னிக்க வேண்டும். நான் கேட்பது டென்னிஸ் கோர்ட் டென்னிஸுக்கு மட்டும் என்பதுதான். வாசலில் அப்படி ஒரு பலகை வையுங்கள். காவலாளி கையில் எழுத்தில் ஓர் உத்தரவு கொடுங்கள், பாவம், அவருக்கும் அது பலமாக இருக்கும். விழாக்களுக்குக் கோர்ட்டைக் கொடுக்காதீர்கள். மழைக்காலத்தில் கிரிக்கெட் பையன்களுக்கு வேறொரு மூலையில் மண் கொட்டி மேடாக்கிக் கொடுங்கள், நாங்களும் மண்வெட்டியோடு வருகிறோம். அடுத்த மழைக்கு முன்னால் அந்தப் பந்தல் குழிகளையும் தயவுசெய்து அடைத்துத் தாருங்கள்.

இப்படிக்கு,
டென்னிஸ் பழகும் ஒரு பிள்ளையின் தகப்பன்,
தக்கலை